14 எபிசோடோடு நின்றுபோன 'வே அவுட்' (1961): பார்த்தவர்கள் வாருங்கள், பேசுவோம்

நடுநிசி எழுதியது:

வணக்கம். பழைய தொலைக்காட்சிப் பகுதியில் 'ட்விலைட் ஸோன்' என்ற அமெரிக்க அமானுஷ்யத் தொடரின் இழை பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதே சிபிஎஸ் சேனலில், அதே வெள்ளிக்கிழமை இரவில், அதற்குச் சரியாக அரை மணி நேரம் முன்னால் வந்த ஒரு தொடரைப் பற்றி இங்கே ஒரு வரிகூட இல்லை. ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருந்த விஷயம் இது. இன்று ஆரம்பித்துவிடலாம் என்று தோன்றியது.

தொடரின் பெயர் 'வே அவுட்'. 1961 மார்ச் 31 அன்று ஆரம்பித்து ஜூலை 14 அன்று முடிந்துவிட்டது. மொத்தம் 14 எபிசோடுதான். விளம்பரத்தோடு சேர்த்து அரை மணி நேரம். வாரம் ஒரு கதை, வாரம் வேறு நடிகர்கள். எல்லா வாரமும் மாறாமல் வருபவர் ஒருவர்தான். தொடக்கத்திலும் முடிவிலும் வந்து, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் பேசிவிட்டுப் போகும் ரோல்ட் டால். சாக்லேட் தொழிற்சாலைக் கதையாக நம் பிள்ளைகள் படிக்கிறார்களே, அதே டால்தான். அந்தப் புத்தகம் 1964-இல்தான் வந்தது. 1961-இல் அமெரிக்கர்களுக்கு அவர் பெரியவர்களுக்கான கொடூரக் கதைகள் எழுதும் ஆள். ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சித் தொடரில் உறைந்த ஆட்டுத்தொடையால் கணவனை அடித்துக் கொல்லும் மனைவியின் கதை 1958-இல் வந்திருந்தது. அதை எழுதியவர் இவர்.

தொடர் பிறந்த விதமே தனிக் கதை. ஜாக்கி கிளீசன் என்ற பெரிய நகைச்சுவை நடிகர், 1961 ஜனவரி 20 அன்று அந்த நேரத்தில் ஒரு விளையாட்டு நிகழ்ச்சி தொடங்கினார். நம் ஊர்ப் பொருட்காட்சியில் படம் வரைந்த பலகையின் ஓட்டைக்குள் தலையை விட்டுப் போட்டோ எடுப்பார்கள் அல்லவா, அதே மாதிரி பிரபலங்கள் ஓட்டையில் தலையை நீட்டி, தாங்கள் எந்தப் படத்துக்குள் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். படுதோல்வி. அடுத்த வெள்ளிக்கிழமை கிளீசன் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையில் ஒரு கோப்பையோடு, போன வாரம் நடந்ததற்கு அரை மணி நேரம் முழுக்க மன்னிப்புக் கேட்டார். அதன்பிறகு அதே நேரத்தில் ஆட்களை அழைத்து வைத்துப் பேசிப் பார்த்தார். மார்ச் கடைசியில் அதுவும் நின்றது. விளம்பரதாரருக்கு வேறு நிகழ்ச்சி வேண்டும், அதுவும் உடனே வேண்டும். தயாரிப்பாளர் டேவிட் சஸ்கிண்டின் நிறுவனம் நியூயார்க்கில் வீடியோ டேப்பில் அவசரமாகத் தயாரித்துக் கொடுத்ததுதான் 'வே அவுட்'.

அவசரத்தில் பிறந்த பொருள் என்று நினைத்து நான் முதலில் ஒதுக்கிவைத்திருந்தேன். இணையத்தில் சுற்றும் மங்கலான பிரதிகளில் ஆறு எபிசோடு பார்த்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. இதில் வரும் பயம் எல்லாமே வீட்டுக்குள் இருக்கிற பயம். புருஷன், பெண்டாட்டி, கண்ணாடியில் தெரியும் சொந்த முகம், பக்கத்து வீடு. வேற்றுக்கிரகம் ஏதும் இல்லை. அணுகுண்டு பற்றி ஒரு கதை இருக்கிறது, அவ்வளவுதான்.

யார் யார் பார்த்திருக்கிறீர்கள்?

—

மாடிஆண்டெனா எழுதியது:

பெயரைக் கேள்விப்பட்டதோடு சரி. எந்த எபிசோடில் ஆரம்பிக்கலாம், சொல்லுங்கள்.

—

நடுநிசி எழுதியது:

முதல் எபிசோடிலேயே ஆரம்பியுங்கள். 'வில்லியம் அண்ட் மேரி'. 14-இல் டாலின் சொந்தக் கதை இது ஒன்றுதான். மீதியை மற்ற எழுத்தாளர்கள் எழுதினார்கள்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வில்லியம் ஒரு தத்துவப் பேராசிரியர். சாகக் கிடக்கிறார். ஒரு மருத்துவர் வந்து, உடல் போனாலும் மூளையை மட்டும் ஒரு கிண்ணத்தில் உயிரோடு வைத்திருக்கலாம், ஒரு கண்ணையும் அதோடு சேர்த்து விட்டுவிடலாம் என்கிறார். வாழ்ந்த காலம் முழுக்க மனைவி மேரியை மூச்சுவிடாமல் அடக்கி வைத்திருந்த மனிதர் இவர். சிகரெட் பிடிக்கக் கூடாது, டெலிவிஷன் வாங்கக் கூடாது, அது கூடாது, இது கூடாது. செத்த பிறகு அவள் கையில் கிடைக்கும் கடிதத்திலும் இதே கட்டளைகள்தான். அவள் போய்ப் பார்க்கிறாள். திரவத்துக்குள் மூளை. மேலே மிதக்கும் ஒற்றைக் கண். சிகரெட்டைப் பற்றவைத்துக் கண்ணுக்கு நேராகப் புகையை ஊதுகிறாள். கோபத்தில் அந்தக் கண்மணி சுருங்குவதைப் பார்க்கிறாள். 'இவரை நான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்' என்கிறாள்.

மேரியாக மில்ட்ரெட் டன்னக். அந்த அம்மா குரலை உயர்த்தவே மாட்டார். 'கூட்டிக்கொண்டு போகிறேன்' என்பதைக் காய்கறிக் கடையில் பேசுவது போலப் பேசுவார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

—

காரணகாரியம் எழுதியது:

நான் நான்கு எபிசோடு பார்த்தேன். மரியாதையோடு மாறுபடுகிறேன்.

ட்விலைட் ஸோனில் அதை உருவாக்கிய ராட் செர்லிங் கதைக்குள் ஒரு நியாயம் வைத்திருப்பார். பேராசைக்காரன் அழிவான், ஏமாந்தவனுக்கு ஒரு வாசல் திறக்கும், போர் வெறி பிடித்தவன் தன் முகத்தையே பார்ப்பான். 'வே அவுட்'டில் நல்லவன் கெட்டவன் எல்லோரும் ஒரே குழியில் விழுகிறார்கள். கதை முடிந்ததும் நம் கையில் என்ன இருக்கிறது? ஒரு பயங்கரமான கடைசிக் காட்சி மட்டும்தான். முதல் 15 நிமிடமும் இரண்டு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து பேசுவார்கள். மேடை நாடகத்தைக் கேமரா வைத்துப் பிடித்தது போல இருக்கிறது.

அப்புறம், இதை மக்கள் அப்போதே கைவிட்டுவிட்டார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

—

நடுநிசி எழுதியது:

//மக்கள் அப்போதே கைவிட்டுவிட்டார்கள்//

இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வருட வெள்ளிக்கிழமை அட்டவணையைப் பாருங்கள். சிபிஎஸ்ஸில் எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை 'ரூட் 66'. ஒன்பதரைக்கு 'வே அவுட்'. பத்துக்கு ட்விலைட் ஸோன். எதிரே ஏபிசியில் ஒன்பதிலிருந்து பத்து வரை '77 சன்செட் ஸ்ட்ரிப்', அந்தக் காலத்தில் பெரிய வெற்றி பெற்ற துப்பறியும் தொடர். ஒன்பதரைக்கு அதில் கொலை நடந்து முடிந்து, யார் கொன்றது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அதைப் பாதியில் விட்டுவிட்டு எவர் எழுந்து வந்து சேனலைத் திருகுவார்? ரிமோட் எல்லா வீட்டிலும் இல்லாத காலம்.

நியாயம் இல்லை என்று சொல்வதை ஏற்கிறேன். ஆனால் எனக்குப் பிடித்ததே அதுதான். செர்லிங் கடைசியில் வந்து நம் தோளில் கை வைப்பார். டால் வைப்பதில்லை. வில்லியமுக்கு நடந்தது சரியா? மேரி செய்யப்போவது சரியா? என் அத்தை ஒருவர் முப்பது வருடம் இப்படி ஒருவரிடம் வாழ்ந்தவர். அவர் இறந்த மறுவாரம் அத்தை சினிமாவுக்குப் போனார். ஊரே பேசியது. எனக்கு இந்த எபிசோடைப் பார்த்தபோது அத்தைதான் ஞாபகம் வந்தார், அவர் முகத்தில் அன்று இருந்த ஒரு வகை அமைதி. அதற்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதையும் சொல்லவில்லை.

—

தாள்வாசம் எழுதியது:

ஒரு சின்னத் தகவல். அந்தக் கதையில் சிகரெட்டும் டெலிவிஷனும் மேரிக்கு விடுதலையின் அடையாளங்கள். அதை ஒளிபரப்பியதோ டெலிவிஷன், பணம் கொடுத்தது எல் அண்ட் எம் சிகரெட் கம்பெனி. 1971-இல் தடை வரும்வரை அமெரிக்கத் தொலைக்காட்சியைத் தாங்கி நிறுத்தியதில் சிகரெட் விளம்பரத்துக்குப் பெரிய பங்கு. கண்ணில் புகையை ஊதும் காட்சியைப் பார்க்கும்போது இது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

—

ஈரக்களிமண் எழுதியது:

இந்த இழையில் இன்னும் டிக் ஸ்மித் பெயர் வரவில்லையே என்று காத்திருந்தேன். நானே எழுதிவிடுகிறேன்.

நான் 19 வருடமாகச் சென்னையில் சீரியல்களுக்கு மேக்கப் போடுகிறேன். எங்கள் தொழிலில் டிக் ஸ்மித் குலதெய்வம் மாதிரி. 'எக்ஸார்சிஸ்ட்' பேய்ப் படத்துக்கு மேக்கப் செய்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். 'அமெடியஸ்' படத்தில் முதியவர் வேடத்துக்காக ஆஸ்கர் வாங்கினார், 2011-இல் கௌரவ ஆஸ்கரும் கொடுத்தார்கள். ஆனால் அவர் வளர்ந்த இடம் சினிமா இல்லை, டிவி. 1945-இலிருந்து 14 வருடம் என்பிசி சேனலில் மேக்கப் பிரிவின் தலைவர். அங்கிருந்து வெளியே வந்து சஸ்கிண்டிடம் சேர்ந்தார். 'வே அவுட்' அந்தச் சமயத்து வேலை.

'ஃபால்ஸ் ஃபேஸ்' எபிசோடை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. ஒரு நாடக நடிகன், நோத்ர தாம் கதையில் வரும் கோர முகக் கூனன் குவாசிமோடோ வேடம் போட வேண்டும். ஒரு ஏழைகள் விடுதியில் கோரமான முகத்தோடு ஒருவன் கிடக்கிறான். காசு கொடுத்து அவனை உட்காரவைத்து, அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் முகத்தில் அப்படியே கொண்டுவருகிறான். நாடகம் வெற்றி. மேக்கப்பைக் கலைக்க உட்கார்கிறான், வரவில்லை. கலைத்தால் தோல் இழுக்கிறது. அந்த ஏழையைத் தேடி ஓடுகிறான். அவன் செத்துக் கிடக்கிறான், அவன் முகத்தில் இவனுடைய அழகான முகம்.

இதைப் பார்க்கும்போது எனக்குப் பயம் ஒரு பக்கம், குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். பிச்சைக்காரர் வேடம் என்றால் கோயில் வாசலில் போய் உட்கார்ந்து ஒருவர் முகத்தைக் கவனிப்போம். கன்னத்துக் கருப்பு எங்கே ஆரம்பிக்கிறது, வெடித்த உதட்டில் எந்த இடத்தில் வெள்ளை படிகிறது என்று. போட்டோவும் எடுத்துக்கொள்வோம். அவர் முகம் எங்களுக்கு வேலைக்கு உதவும். அவருக்கு பத்து ரூபாய். இந்தக் கதையை எழுதியவருக்கு எங்கள் அறை எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது.

இப்போது 'சாஃப்ட் ஃபோகஸ்'. இந்த ஒரு எபிசோடுக்காகவே தொடர் ஞாபகத்தில் நிற்கிறது என்பேன். போட்டோகிராஃபர் ஒருவரிடம் ஒரு திரவம் கிடைக்கிறது. படத்தில் இருக்கும் முகத்தை அதனால் திருத்தினால் அந்த ஆளின் நிஜ முகமும் திருந்திவிடும். முடிவில் அவருடைய படமே அதற்குப் பலியாகிறது. பாரி மோர்ஸ் நிமிர்கிறார். முகத்தில் ஒரு பாதி அப்படியே இருக்கிறது. மறுபாதியில் ஒன்றுமே இல்லை. கண் இல்லை, வாய் இல்லை, வழவழவென்று வெறும் தோல்.

இது ஏன் கஷ்டம் என்று சொல்கிறேன். மேக்கப்பில் கூட்டத்தான் முடியும், கழிக்க முடியாது. மூக்கைப் பெரிதாக்கலாம், தழும்பு வைக்கலாம், கட்டி வைக்கலாம். 'இல்லை' என்பதை எப்படி வைப்பீர்கள்? கண்ணை மறைக்க வேண்டும் என்றால் புருவ எலும்புக்கும் கன்ன எலும்புக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை நிரப்ப வேண்டும். நிரப்பினால் அந்தப் பக்கம் முகம் உப்பிவிடும். உப்பினால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். முதலில் நடிகர் முகத்துக்கு அச்சு எடுத்து, அந்த அச்சின் மேல் களிமண் வைத்து, எந்த இடத்தில் அரிசி கனத்துக்கு மெலியலாம், எங்கே விரல் கனம் வேண்டும் என்று செதுக்கி, பிறகுதான் ஃபோம் லேட்டக்ஸ் என்ற ரப்பர் நுரையில் வார்ப்பது. ஓரம் காகிதத்தை விட மெல்லிசாக இருந்தால்தான் தோலோடு தோலாக இறங்கும். கறுப்பு வெள்ளை என்பதால் நிறம் பொருந்த வேண்டிய தொல்லை குறைவு, சாம்பல் அளவு ஒத்துப்போனால் போதும். ஆனால் வெளிச்சம் பக்கவாட்டில் அடித்தால் ஓரம் நிழல் போட்டுவிடும்.

என் அனுபவம் ஒன்று. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட பெண் வேடம். அந்த நடிகையின் ஒரு கண்ணை லேட்டக்ஸுக்குள் மூடி ஆறு மணி நேரம் வைத்திருந்தோம். ஒற்றைக் கண்ணில் ஆழம் தெரியாது. கேரவன் படியில் இறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி இறங்கினார். கலைத்த பிறகு அந்தக் கண்ணைத் திறக்கவே பயந்தார், 'இருக்கா பாருங்கண்ணா' என்று கேட்டார். பாரி மோர்ஸ் அந்த முகத்தோடு நடித்ததைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் படிகள்தான் ஞாபகம்.

—

மாடிஆண்டெனா எழுதியது:

அண்ணா, இந்தப் பதிவைச் சேமித்து வைத்துக்கொண்டேன். நன்றி.

ஒரு கேள்வி. டேப்பில் எடுத்தது என்கிறீர்கள். அப்படியென்றால் வெட்டி ஒட்டியிருக்கலாமே?

—

ஈரக்களிமண் எழுதியது:

இன்று மாதிரி இல்லை தம்பி. அப்போது டேப் இரண்டு அங்குல அகலம். வெட்ட வேண்டும் என்றால் நிஜமாகவே பிளேடால் வெட்டி ஒட்ட வேண்டும். படம் டேப்பில் கண்ணுக்குத் தெரியாது, எங்கே வெட்டுகிறோம் என்று குத்துமதிப்பாகத்தான். அதனால் முடிந்தவரை நாடகம் மாதிரி ஓட்டமாக நடித்து முடித்துவிடுவார்கள். காரணகாரியம் சார் மேடை நாடகம் போல இருக்கிறது என்றாரே, அது சரிதான். ட்விலைட் ஸோன்கூட இரண்டாவது சீசனில் செலவைக் குறைக்க ஆறு எபிசோடு டேப்பில் எடுத்துப் பார்த்தது. அந்த ஆறையும் பார்த்தால் இதே வாசம் அடிக்கும்.

—

காரணகாரியம் எழுதியது:

மேக்கப் பற்றி எழுதியதைப் படித்தேன். 'ஃபால்ஸ் ஃபேஸ்' நான் பார்க்காதது. பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் 'சைட் ஷோ' பார்த்தேன். தலைக்குப் பதில் மின்விளக்கு பொருத்திய ஒரு பெண்ணை வேடிக்கைக் கூடாரத்தில் பார்த்து, வீட்டில் நிம்மதி இல்லாத ஒருவர் அவளிடம் மனதைக் கொடுக்கிறார். அதைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு முகம் இல்லை, ஆனால் அவர் பேசுவதைக் கேட்கிறாள். அந்த ஒரு இடம் என்னைத் தொட்டது.

—

தாள்வாசம் எழுதியது:

இன்னொரு விஷயம் இருக்கிறது, எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இந்தத் தொடர் தொடங்குவதற்கு நான்கு மாதம் முன்பு, 1960 டிசம்பர் 5 அன்று, நியூயார்க்கில் டாலின் மகன் தியோவைத் தள்ளுவண்டியில் வைத்துச் சாலையைக் கடக்கும்போது ஒரு டாக்ஸி மோதியது. நான்கு மாதக் குழந்தை. தலையில் பலத்த அடி. பிழைத்தது, ஆனால் தலைக்குள் நீர் கோத்துக்கொண்டது. நீரை வடிக்கக் குழாய் வைத்தார்கள். குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டது. அடைக்கும்போதெல்லாம் மறுபடி அறுவை. அந்தக் குளிர்காலத்தைத் தாண்டித்தான் டால் ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்து, கிண்ணத்தில் வைத்த மூளையைப் பற்றி அமெரிக்காவுக்குக் கதை சொன்னார்.

இது தெரிந்த பிறகு அவருடைய அந்த அசையாத முகத்தை முன்பு மாதிரி என்னால் பார்க்க முடியவில்லை.

—

காரணகாரியம் எழுதியது:

தாள்வாசம், இதில் ஒரு எச்சரிக்கை. 'வில்லியம் அண்ட் மேரி' விபத்துக்கு முன்பே எழுதியது. 1960-இல் வெளிவந்த அவருடைய தொகுப்பில் இருக்கிறது. துயரத்திலிருந்து கதை பிறந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

—

தாள்வாசம் எழுதியது:

உண்மை. கதை முன்னாலேயே இருந்தது. நான் சொல்ல வந்தது அதைவிடக் கனமானது. தான் எப்போதோ எழுதிய கதையை, தன் குழந்தையின் தலையில் குழாய் இருக்கும்போது, அவரே முன்னால் நின்று அறிமுகம் செய்ய வேண்டியதாயிற்று.

—

உச்சிக்குழி எழுதியது:

நான் இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. இந்த இரண்டு பதிவும் என்னை எழுத வைத்துவிட்டன.

என் அக்கா மகனுக்குப் பிறந்த ஐந்தாவது மாதம் இதே பிரச்சினை. ஷன்ட் வைத்தார்கள், அதாவது தலை நீரை வடிக்கும் குழாய். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மேடு. அங்கிருந்து கழுத்து வழியாக வயிற்றுக்குள் போகும் குழாய், விரலால் தடவினால் நூல் மாதிரித் தட்டுப்படும். அக்கா தினமும் காலையில் பல் விளக்கும் முன்னால் குழந்தையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்ப்பாள். மெத்தென்று சமமாக இருந்தால் அன்று நல்ல நாள். புடைத்திருந்தால், குழந்தை பால் குடித்ததை வாந்தி எடுத்தால், எழுப்பினாலும் கண் திறக்காமல் தூங்கினால், அப்படியே ஆட்டோ பிடிக்க வேண்டும். ஒருமுறை அடைத்துக்கொண்டதை முதலில் பார்த்த இடத்தில் வெறும் காய்ச்சல் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா கேட்கவில்லை. வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதனால்தான் பையன் இன்று ஏழாம் வகுப்புப் படிக்கிறான்.

டால் பற்றி எனக்கு அந்தச் சமயத்தில்தான் தெரியும். அக்காவுக்காக ஷன்ட் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது. அவர் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பிய பிறகு சும்மா இருக்கவில்லை. குழாய் ஏன் அடைக்கிறது, அடைக்காத வால்வு செய்ய முடியாதா என்று அலைந்தார். ஸ்டான்லி வேட் என்று ஒரு பொறியாளர், பொம்மை விமானத்துக்குக் குட்டிக் குட்டி பம்ப் செய்யத் தெரிந்தவர். கென்னத் டில் என்று லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையின் நரம்பியல் அறுவை மருத்துவர். மூன்று பேரும் சேர்ந்து செய்ததற்கு வேட்-டால்-டில் வால்வு என்று பெயர். 1962-இல் வேலைக்கு வந்தது. அதற்குள் தியோவுக்கு உடம்பு தேறி வால்வே தேவைப்படவில்லை. ஆனால் மற்ற நாடுகளில் எத்தனையோ குழந்தைகளுக்குப் பொருத்தினார்கள். அதில் அவர்கள் லாபம் பார்க்கவில்லை.

அக்கா மகனுக்கு வைத்தது அது இல்லை, பின்னாளில் வந்த வேறு வகை. இருந்தாலும் அந்தப் பெயரைப் படித்த இரவு நான் அழுதேன். அந்த மனிதர் பயமுறுத்தும் தொடர் ஒன்று நடத்தினார் என்பதை இந்த இழையில்தான் தெரிந்துகொண்டேன். 'வில்லியம் அண்ட் மேரி'யை நான் பார்க்கப்போவதில்லை, என்னால் முடியாது. மற்றதைப் பார்க்கிறேன்.

—

நடுநிசி எழுதியது:

உச்சிக்குழி, நன்றி. நீங்கள் எழுதியதற்குக் கீழே என்ன எழுதுவதென்று தெரியாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மருமகனுக்கு என் அன்பு.

நீங்கள் பார்ப்பதாக இருந்தால் 'த க்ரோக்கர்' பாருங்கள். தவளை வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், அவரைக் கண்காணிக்கும் ஒரு சிறுவன். இதில் மூளை, மருத்துவமனை ஒன்றும் வராது.

—

காரணகாரியம் எழுதியது:

'ஃபால்ஸ் ஃபேஸ்' பார்த்தேன். முதல் பாதி இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது, அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் நியாயம் இல்லை என்று சொன்னேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன். ஏழையின் முகத்தை எடுத்தவனுக்கு அது திரும்பிக் கொடுக்க முடியாததாகிவிடுகிறது. இதில் கணக்கு இருக்கிறது. செர்லிங் மாதிரி வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவே.

—

கும்பேஸ்வரன்தெரு எழுதியது:

தாமதமாக வருகிறேன். ஈரக்களிமண் அண்ணன் 'சாஃப்ட் ஃபோகஸ்' பற்றி எழுதியதைப் படித்ததும் நேற்று இரவு அதை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அப்பாவுக்கு 84 வயது. கும்பகோணத்தில் 40 வருடம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர்.

டச்சிங் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். சாய்வான மேஜையில் ஒரு சதுர ஓட்டை, அதில் பால்கண்ணாடி. கீழே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி வைத்து ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்புவார்கள். நெகட்டிவை அதன் மேல் வைத்து, மீடியம் என்ற ஒரு பிசுபிசுப்பான திரவத்தைப் பஞ்சில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால்தான் பென்சில் பிடிக்கும். பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஒரு அங்குலத்துக்கு நீட்டியிருப்பார் அப்பா. அம்மைத் தழும்பு நெகட்டிவில் வெளுப்பாக இருக்கும். அதன் மேல் எறும்புக்கால் அளவு கோடுகள் போட்டு நிரப்பினால் படத்தில் தழும்பு மறையும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் படங்கள் எத்தனையோ அந்த மேஜையைத் தாண்டிப் போயிருக்கின்றன. சில அம்மாக்கள் வந்து, இன்னும் கொஞ்சம் எடுத்துவிடுங்கள் என்பார்கள். ஒரு அளவுக்கு மேல் அப்பா செய்ய மாட்டார். நேரில் பார்த்தால் அந்தப் பெண்ணுக்குத்தான் அவமானம் என்பார்.

படம் ஓட ஓட அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தப் போட்டோகிராஃபர் திரவத்தைத் தொடும் இடத்தில் மட்டும், 'கையில் ஒற்றுத்தாள் இல்லாமல் ஈரத்தைத் தொடுகிறான் பார், இவனுக்குப் பழக்கமில்லை' என்றார். கடைசியில் பாரி மோர்ஸ் நிமிர்ந்தபோது, 'நிறுத்து' என்றார். நிறுத்தினேன். திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நல்ல பாதிக்கும் வெறும் பாதிக்கும் நடுவில் இருக்கிற ஓரத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தார்.

'இது டச்சிங் இல்லையா? நிஜமாகவே ஆள் இப்படி உட்கார்ந்தானா?' என்று கேட்டார்.

ஆமாம் அப்பா, லேட்டக்ஸ், மேக்கப் என்றேன். களிமண், அச்சு என்று அண்ணன் எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். பிறகு அந்த மேக்கப்காரரின் பெயரை ஒருமுறை சொல்லச் சொன்னார். டிக் ஸ்மித் என்றேன். திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இன்று மதியம் தூங்கி எழுந்ததும் வந்து, அந்த நாடக நடிகன் கதை இருக்கிறது என்றாயே, அதைப் போடு என்கிறார். இரவு பார்க்கப்போகிறோம்.

—

ஈரக்களிமண் எழுதியது:

அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 'ஃபால்ஸ் ஃபேஸ்' பார்க்கும்போது நாடகம் முடிந்து ஒப்பனை அறைக்குள் வரும் காட்சியில் அவர் என்ன சொல்கிறார் என்று அப்படியே எழுதுங்கள். ஒரு வார்த்தை விடாமல்.